கவுன்சிலிங் அறையில் நம் கையில் என்ன இருக்கலாம்? – கேள்வி பதில்

அமர்வு நடக்கும்போது மனநல ஆலோசகர் கையில் ஃபிட்ஜெட் பொருள் (விரல் சும்மா உருட்டவோ அமுக்கவோ ஒரு சின்னப் பொருள்) வைத்திருக்கலாமா என்று சேலம் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அஸ்தம்பட்டி, பயிற்சி ஆலோசகர்: மேடம், எதிரில் இருப்பவர் பேசப் பேச, என் கை பேனாவை டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே இருக்கிறது. கைக்கு வேலை கொடுத்தால் கவனம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

ஓரளவு உண்மை. 2009-இல் வெளியான உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேடின் ஆய்வில், சலிப்பூட்டும் தொலைபேசிப் பதிவு ஒன்றை 40 பேரைக் கேட்க வைத்தார்கள். கேட்டபடியே காகிதத்தில் வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்கள், சும்மா கேட்டவர்களைவிட 29 சதவீதம் அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கே எதிரில் ஆள் இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசும் அறைக்கு அதைச் சான்றாக நான் காட்ட மாட்டேன். கை செய்கிற வேலைக்கு யோசனை தேவைப்படக் கூடாது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பேனாவை மாற்றுங்கள். அந்தச் சத்தம் 'சீக்கிரம் முடிங்க' என்பது போல விழும். 2017-இல் பிள்ளைகள் எல்லாம் விரலில் வைத்துச் சுற்றிய ஸ்பின்னர் பொம்மையும் வேண்டாம். அது சுழன்றால் இருவர் கண்ணும் அங்கேதான் போகும்.

சிவதாபுரம்: வீட்டில் கொலுசுப் பட்டறை. மிஞ்சிய சங்கிலித் துண்டு ஒன்றை விரலில் உருட்டியபடி கேட்கிறேன். சரியா மேடம்?

சலங்கை இல்லாத துண்டு என்றால் நல்லது. பார்க்காமலே கண்ணி கண்ணியாக விரலில் நகரும். உள்ளங்கையில் அடங்கும் நீளம் போதும், தொங்கினால் மினுங்கும். கையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரில் இருப்பவர் உடைந்து அழுதாலோ, சாக வேண்டும் போலிருக்கிறது என்றாலோ உடனே அதைக் கீழே வைத்துவிடுங்கள். அப்புறம், எந்தப் பேச்சு வந்தபோது உங்கள் விரல் வேகமெடுத்தது என்று அமர்வு முடிந்ததும் குறித்து வையுங்கள். அவர் சொன்னது உங்களுக்குள் எதையோ தொட்டிருக்கலாம். உங்கள் அமர்வுகளைப் பற்றிக் கேட்டு வழிகாட்டும் மேற்பார்வையாளரிடம் முதலில் பேச வேண்டியது அதைத்தான். இதற்காகவே இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கும்.

ஏற்காடு, பள்ளி ஆலோசகர்: நான் காப்பிக் கொட்டையை உருட்டுவேன். சின்னப் பிள்ளைகள் தனக்கும் வேண்டும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பதிலாக குன்றிமணியோ காந்தமோ கொடுக்கவும் வேண்டாம். குன்றிமணி விஷம், குட்டிக் காந்த உருண்டைகளை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டையே போட்டுவிடும். ஜவ்வரிசியைக் கெட்டித் துணியில் போட்டு, இரட்டைத் தையலாக இரண்டு பை தைத்து வையுங்கள். குழந்தைக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மலைப் பனியில் ஈரம் ஏறும், அவ்வப்போது மாற்றுங்கள்.

ஆத்தூர்: நான் ஆலோசனைக்குப் போகிறவள். நான் பேசும்போது அவர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். என் பேச்சு அலுத்துவிட்டதோ என்று தோன்றுகிறது. சொல்லலாமா?

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. "நீங்க பந்தை அமுக்கறப்ப எனக்குப் பேச்சு நின்னுடுது" என்றால் போதும். நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார், எடுத்து வைத்துவிடுவார். உண்மையில் முதல் நாளே "இது கையில் இருந்தால் எனக்குக் கவனம் நிற்கும், தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள்" என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். கவனச்சிதறல் குறைபாடு உள்ள ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உண்மையான தேவை. அப்போதும் அறை உங்களுக்கானது.

ஓமலூர்: வீடியோவில் பேசும்போது?

கேமராவுக்குக் கீழே கை இருந்தாலும் தோள் ஆடும். ஒருமுறை உங்களையே பதிவு செய்து பாருங்கள், தெரிந்துவிடும்.