கைக்கெட்டும் தூரத்தில் செல்போன்: ஓட்டுநருக்கு அபராதம் சரியா?

கேள்வி: போனைத் தொடவே இல்லை, பக்கத்து சீட்டில் சும்மா கிடந்தது. கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதற்காகவே அபராதம் போட்டால் நியாயமா?

பதில்: நியாயமில்லை. கைக்கெட்டும் தூரம் ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும். அதை எதை வைத்து அளப்பது? அமெரிக்காவில் பல மாநிலங்களில் திறந்த மதுப்பாட்டில் காருக்குள் இருந்தாலே குற்றம், போனுக்கு மட்டும் ஏன் சலுகை என்று கேட்கலாம். பாட்டிலால் வண்டி ஓட்டுகிறவருக்கு ஒரு உபயோகமும் கிடையாது. போன் வழி காட்டுகிறது. கையில் எடுத்தால் தண்டனை, கிடந்தால் இல்லை என்பதே சரியான விதி.

'பேசினாயா, இல்லையா' என்று மட்டும் பார்க்கும் விதியும் உதவாது. இங்கிலாந்தில் விபத்து நடந்த இடத்தைக் கடக்கும்போது ஓட்டிக்கொண்டே வீடியோ எடுத்த ஒருவர், அது தகவல்தொடர்பே இல்லை என்று வாதாடித் தப்பித்தார். 2019-ல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஓட்டையை 2022 மார்ச்சில் அடைத்தார்கள். இப்போது அங்கே போனைக் கையில் பிடித்து மணி பார்த்தாலே குற்றம்.

கேள்வி: சிவப்பு சிக்னலில் நிற்கும்போது மெசேஜ் பார்க்கலாமா?

பதில்: கூடாது. பல நாட்டுச் சட்டங்களில் சிக்னலில் நிற்பதும் ஓட்டுவதாகத்தான் கணக்கு. பச்சை விழுந்ததும் மனசு உடனே சாலைக்குத் திரும்பிவிடாது. காரிலும் போனிலும் உள்ள குரல் கட்டளை வசதிகளை வைத்து அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2015-ல் சோதித்தபோது, மோசமானவற்றில் கவனம் முழுசாகத் திரும்ப 27 நொடி வரை ஆனது.

கேள்வி: அப்படியானால் போனை எங்கேதான் வைப்பது?

பதில்: மடியில் வேண்டாம், தொடைக்கடியில் வேண்டவே வேண்டாம். சடன் பிரேக் அடித்தால் வழுக்கிக் காலடிக்குப் போகும். பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பெடல் முழுசாக இறங்காது. அதைக் குனிந்து துழாவும் 2 நொடியில், 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 33 மீட்டர் தாண்டிவிடும்.

மேப் தேவையென்றால் ஸ்டாண்டில் மாட்டுங்கள். ஏர்பேக் மூடிக்கு மேலேயோ அது விரியும் பாதையிலேயோ ஸ்டாண்ட் இருக்கக் கூடாது. விரிகிற வேகத்தில் போன் முகத்துக்குப் பாயும். கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கப் வெயிலில் இளகிக் கழன்று விழும் (அதுவும் வளைவில் திரும்பும்போதுதான் விழும்!). ஏசி வென்ட்டில் கவ்வும் ரகம் பெரிய போனின் எடையில் மெல்லத் தலைசாயும், பள்ளத்தில் இறங்கினால் நழுவிவிடும். ஸ்டாண்டை மாட்டிய பிறகு கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். சாலையை மறைக்காமல், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கிற உயரம் போதும்.

போக வேண்டிய இடத்தை வண்டியை எடுப்பதற்கு முன்பே போட்டுவிட்டு, வழியைக் குரலில் சொல்ல விடுங்கள். 'டிரைவிங் மோட்' போட்டால் மெசேஜ் சத்தம் வராது. மேப் வேண்டாத நாளில் போன் டேஷ்போர்டு அறைக்குள் போகட்டும்.

கேள்வி: ப்ளூடூத்தில் பேசினால் ஆபத்து இல்லைதானே?

பதில்: பல இடங்களில் குற்றமில்லை, அவ்வளவுதான். பேச்சில் மூழ்கினால் கண்ணெதிரே இருப்பதுகூட மனதில் பதியாது. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் சாலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்துவார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது.

கேள்வி: போன் பேசுகிற ஓட்டுநரைப் படம் பிடிக்கும் சாலைக் கேமரா தவறாகப் பிடித்து அபராதம் வந்தால்?

பதில்: வந்திருக்கிறது. நெதர்லாந்தில் தலையைச் சொறிந்த ஒருவருக்குப் போன் பேசியதாக அபராதம் விதித்தார்கள். மென்பொருள் சந்தேகப்பட்ட படத்தை ஒரு ஆளும் பார்த்திருந்தார், அப்படியும் தவறியது. நோட்டீஸ் வந்தால் முதலில் முழு அளவுப் படத்தைக் கேளுங்கள். கையில் இருப்பது பர்ஸா, போனா என்பது சின்னப் படத்தில் தெரியாது. போனில் உள்ள அழைப்புப் பட்டியலை (கால் லாக்) மட்டும் நீட்டினால் போதாது. பேசவில்லை என்றுதான் அது காட்டும், தொடவில்லை என்று காட்டாது. மேல்முறையீட்டுக்கு உள்ள கடைசித் தேதி நோட்டீசிலேயே இருக்கும், அதைத் தவறவிட வேண்டாம்.