மலையகத்தில் குரோட்டன்: கேள்வி பதில்

கம்பளையில் தங்கச்சி வீட்டில் சிவப்பும் மஞ்சளுமாகச் செழித்திருந்த குரோட்டனை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு கிழமைக்குள் பாதி இலை கொட்டிவிட்டது. என்ன வியாதி அக்கா?

வியாதி இல்லை தங்கச்சி, குளிர். இந்தோனேசியா, மலேசியா தொடங்கி பசிபிக் தீவுகள் வரை, சூடும் ஈரமும் உள்ள இடங்களில் பிறந்த செடி இது. இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் தாங்காது. கம்பளை 500 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இருப்பதோ ஏறக்குறைய 1,870 மீற்றரில், தை மாசியில் உருளைக்கிழங்குப் பாத்திகளில் உறைபனி படியும் ஊரில். இடம் மாற்றினாலே இலையைக் கொட்டும் குணமும் குரோட்டனுக்கு உண்டு. இரண்டும் சேர்ந்துவிட்டன.

நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சையாக, ஈரமாக இருந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. வெயில் விழும் கண்ணாடி ஜன்னலுக்கு உள்பக்கம் சாடியை வையுங்கள். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது; அதனால் மேல்மண் காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். இலை கொட்டியதைப் பார்த்துப் பதறி, தினமும் தண்ணீர் விட்டு வேரை அழுகவிடுபவர்கள்தான் அதிகம்.

உங்கள் ஊரில் இதை நிலத்தில் நடவேண்டாம் என்பதுதான் என் கருத்து. வெளியே நிறம் வேண்டுமென்றால் இலைப் பிகோனியா வையுங்கள். நிழலும் குளிர்ச்சியும் அதற்குப் பிடிக்கும். வெள்ளியும் ஊதாவுமாக அதன் இலை அவ்வளவு அழகு. உறைபனி விழும் இரவுகளில் மட்டும் கூரைக்கு அடியில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஹட்டனில் இருக்கிறோம். புதுத்துளிர் எல்லாம் பச்சையாகவே வருகிறது. நிறம் வர என்ன உரம் போடலாம்?

உரத்தால் நிறம் வராது தம்பி. பல வகைகளில் துளிர் பச்சையாகத்தான் வரும். இலை முதிர முதிரத்தான் மஞ்சளும் செம்மஞ்சளும் பிறகு சிவப்பும் ஏறும். அதற்கு வெளிச்சம் வேண்டும். கூரை இறப்பின் நிழலில் இருந்தால் பச்சையிலேயே நின்றுவிடும். காலை வெயில் நன்றாக விழும் பக்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். யூரியாவைக் கூட்டினால் பச்சைதான் கூடும்.

குரோட்டன் விதை பேதி மருந்து என்று எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

இதை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். அவர் சொல்வது நேர்வாளம். அதன் தாவரவியல் பெயர் குரோட்டன் டிக்லியம். அதன் விதையெண்ணெய் கடும்பேதியை உண்டாக்கும்; வைத்தியர் நச்சு நீக்கிச் சுத்தி செய்யாமல் யாரும் தொடக்கூடாத சரக்கு. நம் வாசலில் இருப்பது வேறு செடி, கோடியேயம் வரிகேட்டம். 1753இல் லின்னேயஸ் இதையும் குரோட்டன் பேரினத்தில் சேர்த்து எழுதினார். பின்னால் வந்தவர்கள் பிரித்துவிட்டாலும் ஊர்வாயில் பழைய பெயரே நின்றுவிட்டது. இரண்டுமே ஆமணக்குக் குடும்பம்தான். ஆனால் வாசல் செடி மருந்து இல்லை. அதன் விதையையோ இலையையோ யாரும் வாயில் வைக்கவேண்டாம்.

அப்படியானால் கைக்குழந்தை உள்ள வீட்டில் வைக்கலாமா?

எட்டாத உயரத்தில் வையுங்கள். இலையைக் கிள்ளினால் வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். மென்று விழுங்கினால் வாய் எரியும், வாந்தியும் பேதியும் வரலாம். விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கவாத்து செய்யும்போது நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே செடியில் ஒரு கிளையில் மட்டும் இலை முறுக்கிக்கொண்டு வேறு நிறத்தில் வருகிறது. யாரோ ஒட்டுப் போட்டதா?

இல்லை. குரோட்டனில் மொட்டிலேயே இப்படி மாற்றம் நிகழ்வது சகஜம்; இத்தனை ரகங்கள் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. கிளை பிடித்திருந்தால் தனியாக வெட்டி வேர்விடச் செய்யுங்கள். வெறும் பச்சையாக மாறிய கிளையானால் அடியோடு வெட்டிவிடுங்கள், அதுதான் வேகமாக வளர்ந்து மற்றதை அமுக்கும்.

விதை போட்டு வளர்க்கலாமா அக்கா? பண்டாரவளையில் எப்போது நடுவது?

முளைக்கும், ஆனால் தாயைப் போல வராது. விதை போடாமல் தண்டு வெட்டி வளர்க்கும் விபி தேயிலை மாதிரிதான்: அதே குணம் வேண்டுமென்றால் தண்டிலிருந்துதான் எடுக்கவேண்டும். நுனியில் 4 முதல் 6 அங்குலம் வெட்டி, பால் நிற்கும் வரை தண்ணீரில் வைத்து, அடி இலைகளை எடுத்துவிட்டு மணல் கலந்த மண்ணில் குத்துங்கள். மேலே பொலித்தீன் உறையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். இரவுக் குளிர் குறைந்த பங்குனி, சித்திரையில் செய்தால் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். மெதுவாக இழுத்துப் பார்த்து, தண்டு பிடிகொடுத்தால் உறையை எடுக்கலாம்.