2.91-உம் 2.93-உம் ஒன்றா? பேஸ்பால் பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாதவன் நான். ஈ.ஆர்.ஏ. என்பது எகானமி ரேட் மாதிரியா?

பதில்: ஏறக்குறைய அதுதான். எகானமி ஓர் ஓவருக்கு. இது 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, பிட்சர் கொடுக்கும் ரன். பேஸ்பாலில் மூன்று பேரை அவுட்டாக்கினால் பிட்சருக்கு ஓர் இன்னிங்ஸ். ஃபீல்டர் கோட்டைவிட்டதால் வந்த ரன்கள் மட்டும் பிட்சர் கணக்கில் ஏறாது. 2000-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காக பெட்ரோ மார்ட்டினெஸ் 217 இன்னிங்ஸ் வீசினார். அவர் கணக்கில் ஏறியவை 42 ரன்கள். 42-ஐ 9-ஆல் பெருக்கி 217-ஆல் வகுத்தால் 1.74. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

கேள்வி: அண்ணா, பாப் கிப்சனின் மொத்த ஈ.ஆர்.ஏ. 2.91. பெட்ரோவுடையது 2.93. அப்புறம் ஏன் பெட்ரோவைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறீர்கள்?

பதில்: ஆடத்தான் செய்வேன், தம்பி. எண் ஒன்றுதான், காலம் வேறு. கிப்சன் 1959 முதல் 1975 வரை செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு ஆடினார். அதில் பெரும்பகுதி பிட்சர்களின் பொற்காலம். 1968-இல் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.12, யாருக்கும் மூச்சு வாங்கும். ஆனால் அந்த வருடம் அவர் ஆடிய நேஷனல் லீகின் (இரண்டு பெரிய லீகுகளில் ஒன்று, மற்றது அமெரிக்கன் லீக்) சராசரியே 2.99. அமெரிக்கன் லீகில் .301 அடித்தவர், அதாவது பத்துக்குச் சுமார் மூன்று முறைதான் ஹிட் அடித்தவர், பேட்டிங் பட்டத்தையே வாங்கிவிட்டார்! நிலைமை கைமீறிப் போகிறது என்று, 1969-இல் பிட்சர் நிற்கும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாக வெட்டினார்கள். ஸ்டிரைக் எல்லையையும் (பேட்டர் அடிக்காமல் விட்டாலும் அவருக்கு எதிராக எண்ணப்படும் பந்தின் எல்லை) சுருக்கினார்கள்.

பெட்ரோ காலத்தில் எல்லாம் தலைகீழ். 2000-இல் அமெரிக்கன் லீக் சராசரி சுமார் 4.9. பிட்சருக்குப் பதிலாக ஒரு முழுநேர பேட்டர் மட்டை பிடிக்கும் லீக் அது. பெட்ரோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்த ரோஜர் கிளெமென்ஸின் ஈ.ஆர்.ஏ. 3.70. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பள்ளம், பாருங்கள்.

இதைச் சரிக்கட்டத்தான் ஈ.ஆர்.ஏ. பிளஸ் இருக்கிறது. லீக் சராசரியைப் பிட்சரின் ஈ.ஆர்.ஏ.-வால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். சராசரி ஆள் 100. மொத்தக் கணக்கில் கிப்சன் 127, பெட்ரோ 154.

கேள்வி: 154 என்றால் மற்றவர்களைவிட 54 சதவீதம் குறைவாக ரன் கொடுத்தார் என்றுதானே பொருள்?

பதில்: இல்லை. எல்லாரும் வழுக்கும் இடம் இது, நானும் வழுக்கியிருக்கிறேன். 100-ஐ 154-ஆல் வகுத்தால் 0.65. அதாவது சராசரி பிட்சர் 100 ரன் கொடுக்கும் இடத்தில் பெட்ரோ 65. சுமார் 35 சதவீதம் குறைவு. 200 எடுத்தவர் சரிபாதி.

கேள்வி: சார், நீங்கள் சொன்ன முறைப்படி பெட்ரோவின் 2000-க்குப் போட்டுப் பார்த்தேன், 282 வருகிறது. எல்லா இடத்திலும் 291 என்கிறார்களே?

பதில்: உங்கள் வகுத்தல் சரி. மிச்சம் மைதானத்தின் கணக்கு. ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க் பேட்டர்களுக்குச் சாதகமான இடம். அங்கே வீசியதற்கு ஈடாகக் கொஞ்சம் கூடுகிறது. கிப்சனின் 1968-க்குப் போடுங்கள், 267 வரும். சரிக்கட்டிய பிறகு 258 ஆகக் குறைந்துவிடும். 1960-களின் டாட்ஜர்ஸ் அணிப் பிட்சர் சாண்டி கூஃபேக்ஸுக்கு இந்த அடி இன்னும் பலம். டாட்ஜர் ஸ்டேடியத்தில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.37. ஆனால் அந்த மைதானம் பிட்சர்களுக்குச் சொர்க்கம்.

கேள்வி: அப்படியானால் மரியானோ ரிவேராவின் ஈ.ஆர்.ஏ. பிளஸ் 205? அவர்தானே எல்லாருக்கும் மேலே?

பதில்: பட்டியலில் மேலேதான். ஆனால் பெரும்பாலும் கடைசி ஓர் இன்னிங்ஸ் மட்டும் வீசியவர் அவர், மொத்தமே 1,283 இன்னிங்ஸ் சொச்சம். அதே பேட்டரை மூன்றாவது முறை சந்திக்கும் தலைவலி அவருக்குக் கிடையாது. அதோடு, அவர் வரும்போது ஏற்கெனவே பேஸில் (ரன்னுக்காக ஓடும் தளங்களில்) நிற்பவன் ஓடி ரன் எடுத்தால், அது முந்தைய பிட்சர் கணக்கில் போய்விடும். ரிவேராவைக் குறைத்துச் சொல்லவில்லை. வேலையே வேறு என்கிறேன்.

கேள்வி: பெட்ரோ இத்தனை பெரியவர் என்றால் வெறும் 154-இல் ஏன் நின்றார்?

பதில்: கடைசி வருடங்கள் இழுத்துவிட்டன. 1997 முதல் 2003 வரை மட்டும் எடுத்தால் ஈ.ஆர்.ஏ. 2.20, பிளஸ் கணக்கில் 213. பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை, 2008-இல் 5.61 வரை போனார்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். யார் பெஸ்ட்?

பதில்: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீசிய வால்டர் ஜான்சன். பிளஸ் 147-தான், பெட்ரோவைவிடக் குறைவு. ஆனால் பெட்ரோ வீசியது 2,827 இன்னிங்ஸ், ஜான்சன் 5,914. சராசரி என்பது உழைத்த நீளத்தைக் காட்டாது. ஆனால் நாளைக்கு ஒரே ஓர் ஆட்டம், தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டும் என்றால், 2000-ஆம் வருடத்து பெட்ரோவின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.