ரேஸ் காரை டிரெய்லரில் இழுக்க எந்த லைசென்ஸ்?

கேள்வி: பொழுதுபோக்காக ரேஸ் ஓட்டுகிறேன். 14,000 பவுண்டு பிக்கப்பில், 14,000 பவுண்டு மூடிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போக சிடிஎல் (வணிக வாகன ஓட்டுநர் உரிமம்) வேண்டுமா? – வாசகர், டல்லாஸ்

பதில்: முதலில் டிரெய்லரின் நாக்குப் பக்கம் (வண்டியோடு இணையும் முன்பகுதி) ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் உள்ள ஜிவிடபிள்யூஆர்தான் (சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடை) கணக்கு. காலி டிரெய்லர் என்றாலும் அந்த எண் குறையாது. உண்மையான எடை அதைத் தாண்டினால் எடையே கணக்கு. பிக்கப், டிரெய்லர் இரண்டின் கூட்டுத்தொகை 26,001 பவுண்டோ அதற்கு மேலோ இருந்து, டிரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால் அது கிளாஸ் ஏ என்ற உரிம வகை. உங்களுடையது 28,000, தாண்டிவிட்டது. டிரெய்லர் 9,990 என்றால் இந்தக் கேள்வியே எழாது. அந்த எண்ணில் டிரெய்லர்கள் விற்பதும் இதனால்தான்!

ஆனால் கிளாஸ் ஏ என்றாலே சிடிஎல்தான் என்று அர்த்தமில்லை. டெக்சாஸில் சிடிஎல் அல்லாத கிளாஸ் ஏ உண்டு. சொந்த உபயோகத்துக்கு அது பொருந்துமா என்று உரிமம் தரும் அலுவலகத்தில் கேளுங்கள். இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

பலர் சறுக்குவது 'வணிகம்' என்ற இடத்தில். வணிகப் பயணமென்றால், கூட்டு எடை 10,001 பவுண்டிலிருந்தே யுஎஸ்டாட் எண் (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை தரும் பதிவு எண்), மருத்துவச் சான்று போன்ற கூட்டரசு விதிகள் தொடங்கும். லாப நோக்கமில்லாத சொந்தப் பயணத்துக்கு விலக்கு உண்டு. பரிசுப் பணம் வாங்கலாம். அதைச் சாதாரண வருமானமாகக் காட்ட வேண்டும், ரேஸ் செலவைத் தொழில் செலவாகக் கழிக்கக் கூடாது. நிறுவன ஸ்பான்சர் வந்தால் விலக்கு போச்சு. டிரெய்லர் முழுக்க விளம்பர ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு 'ஹாபி' என்றால் எடை நிலையத்தில் யார் நம்புவார்கள்?