‘ஸ்னோஷூ’ தாம்சன் 20 குளிர்காலங்கள் சியரா நெவாடா மலையைத் தாண்டித் தபால் கொண்டுபோனது எப்படி?

முதலில் பட்டப்பெயரைச் சரிசெய்துவிடலாம். ஸ்னோஷூ என்பது பின்னல் போட்ட அகலமான பனிச்செருப்பு. இவர் காலில் மாட்டியது ஸ்கீ, அதாவது பனியில் சறுக்கிச் செல்லும் நீளமான பலகை. அந்தச் சொல் அன்றைய கலிபோர்னியாவில் புழக்கத்தில் இல்லாததால் ஸ்கீயையே ‘நார்வே ஸ்னோஷூ’ என்றார்கள்.

நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தில் 1827-ல் பிறந்து, பத்து வயதில் அமெரிக்கா வந்தவர். 1856 ஜனவரியில் முதல் நடை. கலிபோர்னியாவின் பிளாசர்வில்லிலிருந்து மலைக்கு அந்தப்பக்கம் இன்றைய நெவாடா மாநிலத்தில் இருக்கும் ஜெனோவாவுக்குச் சுமார் 145 கி.மீ. போக மூன்று நாள், வர இரண்டே நாள். ஜெனோவா பிளாசர்வில்லைவிட ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் திரும்பும்போது இறக்கம்தான் அதிகம்.

முதல் ஜோடி ஸ்கீயை ஓக் மரத்தில் தானே செதுக்கினார். 10 அடி நீளம், சுமார் 11 கிலோ. நீளம் கூடினால் ஆளின் எடை பரவும். புதுப்பனியில் கால் புதையாது. முன்பாதத்துக்கு மட்டும் வார், குதிகால் கட்டப்படாது. ஏறுவதற்கு அது வசதி. வேகமாக இறங்கும்போது திருப்புவதுதான் பாடு. மற்றவர்கள் ஒற்றைக் கழியைக் காலிடுக்கில் வைத்து அதன்மேல் உட்கார்ந்து பிரேக் போடுவார்கள். தாம்சன் கழைக்கூத்தாடி போல இரு கையாலும் முன்னால் குறுக்காகப் பிடித்துச் சமநிலையிலேயே இறங்கினார்.

தபால் பை 27 முதல் 45 கிலோ வரை. அதனால் கம்பளி இல்லை, துப்பாக்கி இல்லை. காய்ந்த மாட்டிறைச்சியும் பிஸ்கட்டும் மட்டும். வெயிலில் இளகிய பனி மரப்பலகையில் அப்பிக்கொள்ளும், இரவில் மேல்பொருக்கு இறுகிவிடும். எனவே ராத்திரியிலும் நடப்பார். தூங்க வேண்டுமென்றால் பட்டுப்போன பைன் மரத்துக்குத் தீ வைத்து, கிளைகளை வெட்டிப் பரப்பி, கால் தீப்பக்கம் இருக்கப் படுப்பார். மரம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்வார். எரிந்து விழும்போது அடியில் இருக்கக் கூடாதே! புயலில் தீ மூட்ட முடியாவிட்டால் தட்டையான பாறைமேல் ஏறி நார்வே நாட்டுப்புற நடனம் ஆடி உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டார்.

பந்தயத்தில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. கலிபோர்னியாவின் லா போர்ட் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்கள் திமிங்கில மெழுகு, பைன் பிசின், கற்பூரம் எல்லாம் காய்ச்சிப் பலகையின் அடியில் பூசி, குந்தியபடி நேர்க்கோட்டில் பாய்ந்து அவரைத் தோற்கடித்தார்கள். மூட்டையோடு காடு தாண்டுவது வேறு வித்தை.

சம்பளம்? வாஷிங்டன் வரை போய் 6,000 டாலர் கேட்டார், கிடைக்கவில்லை. 1876-ல் இறந்தார். ஜெனோவாவில் உள்ள கல்லறைக் கல்லில் குறுக்கிட்ட ஒரு ஜோடி ஸ்கீ செதுக்கியிருக்கிறது. பெயரில்தான் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது.