தடுத்த 3306 திறந்திருப்பது ஏன்?

கேள்வி: வாடகை உபுண்டு சர்வரில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கி, 22, 443 போர்ட்டுகளை மட்டும் அனுமதித்திருக்கிறேன். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் டாக்கரில் ஓடுகிறது. வீட்டிலிருந்து அதன் போர்ட்டான 3306-ஐத் தொட்டாலும் பதில் வருகிறது. விதிகளில் என்ன தவறு?

பதில்: மேலே படிப்பதற்கு முன் அந்தக் கன்டெய்னரை (டாக்கர் மைஎஸ்கியூஎல்லை ஓட்டும் தனிப் பெட்டி) நிறுத்திவிடுங்கள். கடவுச்சொல் ஒன்றுதான் இப்போது உங்கள் தரவுக்குக் காவல்.

விதிகளில் தவறில்லை. பாக்கெட் (நெட்வொர்க்கில் வரும் தரவுத் துண்டு) அவை இருக்கும் பக்கமே வரவில்லை. லினக்ஸ் கெர்னலுக்குள் நுழையும் பாக்கெட் முதலில் ப்ரீரூட்டிங் என்ற விதிச் சங்கிலியைக் கடக்கிறது. நீங்கள் கன்டெய்னரின் போர்ட் வரியில் ‘3306:3306’ என்று எழுதியபோது டாக்கர் அங்கே ஒரு விதியைச் செருகியது: சேருமிடத்தை 172.17.0.2 போன்ற கன்டெய்னர் முகவரியாக மாற்று. முகவரி மாறியதும் அது சர்வருக்கு வந்த பாக்கெட் அல்ல, கைமாற்றிவிட வேண்டிய பாக்கெட். ஆகவே ஃபார்வர்டு சங்கிலிக்குத் திரும்பிவிடுகிறது. உங்கள் தடையோ சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளுக்கான இன்புட் சங்கிலியில் காத்திருக்கிறது. ஃபார்வர்டிலும் டாக்கரின் விதிகளே முந்திக்கொள்கின்றன. இத்தனைக்கும் யுஎஃப்டபிள்யூவின் நிலை அறிக்கையில் இதன் சுவடே தெரியாது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

உங்கள் செயலியும் கன்டெய்னரில் ஓடினால், போர்ட் வரியையே நீக்கிவிடுங்கள். தனியாக உருவாக்கிய ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் (இயல்பாக வரும் ‘பிரிட்ஜ்’ நெட்வொர்க்கில் அல்ல) இருப்பவை பெயரைச் சொல்லியே பேசிக்கொள்ளும். சர்வரில் நேரடியாக ஓடினால் ‘127.0.0.1:3306:3306’ என்று எழுதுங்கள்; 127.0.0.1 என்பது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி. டாக்கர் 28-க்கு முந்தைய பதிப்புகளில் இப்படிக் கட்டிய போர்ட்டையும் அதே உள்நெட்வொர்க்கில் இருக்கும் பக்கத்து இயந்திரம் எட்டிவிட முடியும், பதிப்பை உயர்த்துங்கள்.

சில முகவரிகளை மட்டும் அனுமதிக்க வேண்டுமென்றால், பயனரின் விதிகளுக்காக டாக்கர் வைத்திருக்கும் ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில் விதி எழுதலாம். இங்கே பலர் சறுக்குவார்கள். ‘8080:80’ என்று திறந்திருந்தால், பாக்கெட் அங்கு வரும்போது போர்ட் எண் 80 ஆகியிருக்கும்; 8080-ஐத் தடுக்கும் சாதாரண விதி ஒன்றையும் பிடிக்காது. கெர்னலின் இணைப்புப் பதிவில் (கான்ட்ராக்) இருக்கும் அசல் போர்ட் எண்ணை வைத்தே தடுக்க வேண்டும்.

கன்டெய்னரை மறுதொடக்கம் செய்தால் மட்டும் புதிய போர்ட் அமைப்பு வராது. நீக்கிப் புதிதாக உருவாக்குங்கள். பிறகு கைப்பேசி இணையத்திலிருந்து என்மேப் என்ற போர்ட் சோதனைக் கருவி கொண்டு சோதியுங்கள், ஐபிவி6 முகவரியையும் சேர்த்து. கடவுச்சொல்லை மாற்றி, மைஎஸ்கியூஎல் பயனர் பட்டியலில் அறியாத பெயர் ஏதும் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.