யூ மரக் கட்டையைக் காயவைப்பது: நீள்வில் செய்பவர்களுக்குச் சில பதில்கள்

இங்கிலாந்து நீள்வில்லுக்கு யூ (yew) என்ற ஊசியிலை மரத்தை எப்படிப் பதப்படுத்துவது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். தென் இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடமாக வில் செய்கிறேன். எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். நம் ஆசாரிகள் சொல்வது போலவே நடுவில் சிவந்த பகுதியை ‘வைரம்’ என்றும், அதைச் சுற்றி இருப்பதை ‘வெள்ளை’ என்றும் எழுதுகிறேன்.

அண்ணா, பக்கத்து வீட்டில் போன வாரம் யூ மரம் ஒன்றை வெட்டினார்கள். இரண்டு மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்? (சர்ரே)

இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய் நாலு முனைகளிலும் மரப்பசையோ, மிச்சம் கிடக்கும் பெயிண்டோ தடிமனாகப் பூசிவிடுங்கள். பக்கவாட்டிலும் ஐந்து சென்டிமீட்டர் வரை இழுத்துப் பூசுங்கள். காய்ந்ததும் இன்னொரு தடவை. மரத்துக்குள் தண்ணீர் ஓடும் குழாய்கள் நீளவாக்கில் இருக்கின்றன. அவற்றின் வாய் திறந்திருப்பது வெட்டிய முனையில்தான். அதனால் முனை மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்கும், உள்ளே இருப்பது சுருங்காது. அந்த இழுபறியில்தான் வெடிப்பு விழுகிறது.

அடுத்து, கட்டையைப் பிளந்து வையுங்கள். முழு உருளையாக விட்டால் எங்கேயாவது தானே வெடிக்கும், அது உங்களுக்கு வேண்டிய இடமாக இருக்காது. ரம்பத்தால் அறுப்பதைவிட ஆப்பு வைத்துப் பிளப்பது நல்லது. பிளவு நார் போகும் வழியில் போகும், முறுக்கு இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிளந்த பிறகு வெயில் படாத, காற்று நடமாடும் ஷெட்டில், தரையில் படாமல் குறுக்குக் கட்டைகள் மேல் அடுக்குங்கள். வெட்டிய தேதியைக் கட்டை மேலேயே எழுதுங்கள்.

பட்டையை உரிக்க வேண்டுமா?

நான் உரிப்பதில்லை. பட்டை இருந்தால் வெள்ளை மெதுவாகக் காயும். வெள்ளைதான் வில்லின் முதுகு, அதாவது எதிரியைப் பார்க்கும் பக்கம். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் கட்டை போச்சு. வசந்தத்தில் வெட்டியது என்றால் பட்டை தானே கழன்று வந்துவிடும். அப்படி வந்தால் அன்றைக்கே முதுகு முழுக்கப் பசை பூசிவிடுங்கள். குளிர்காலத்தில் வெட்டுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வைரம், வெள்ளை இரண்டும் ஏன் வேண்டும்? வெள்ளையைச் சீவிவிட்டால் சீக்கிரம் காயுமே?

சீவிவிட்டால் யூ மரத்தைத் தேடி அலைந்ததற்கே அர்த்தம் இல்லை. வில்லை இழுக்கும்போது எதிரியைப் பார்க்கும் முதுகுப் பக்கம் விரிகிறது, உங்களைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் நெரிகிறது. யூ மரத்தின் வெள்ளை இழுவையை நன்றாகத் தாங்கும், வைரம் அழுத்தத்தைத் தாங்கும். இரண்டும் ஒரே கட்டையில் இயற்கையாக ஒட்டியே வருகின்றன. வெள்ளை ரொம்பத் தடிமனாக இருந்தால் குறைக்கலாம், ஆனால் காய்ந்த பிறகு, ஒரே ஆண்டு வளையத்தை முதுகு முழுக்கத் தொடர்ந்து வரும்படி, பொறுமையாக.

‘ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம்’ என்கிறார்கள். மூன்று நாலு வருடம் காத்திருக்க வேண்டுமா, சார்? (லீட்ஸ்)

அந்தக் கணக்கில் தப்பில்லை. ஆனால் உங்கள் கட்டை உங்கள் ஷெட்டில் எப்படிக் காய்கிறது என்று அது சொல்லாது. அதைத் தராசு சொல்லும். பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்ப்போமே, அந்த லக்கேஜ் தராசு போதும். மாதம் ஒரு முறை தொங்கவிட்டு, எடையைப் பென்சிலால் கட்டை மேலேயே எழுதிக்கொண்டு வாருங்கள்.

என் கட்டை ஒன்றின் கதையைச் சொல்கிறேன். ஜனவரியில் பிளந்தபோது 7.2 கிலோ. ஜூனில் 6.2. அடுத்த ஜனவரியில் 5.8. அதற்கப்புறம் மாதக்கணக்கில் 5.7-லேயே நின்றது. எடை நின்றுவிட்டால் காய்ந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஷெட்டின் காற்றோடு கட்டை சமமாகிவிட்டது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் ஈரக் காற்றில், சூடுபடுத்தாத ஷெட்டில், மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் நின்றுவிடும். வில்லுக்கு 10 முதல் 12 வேண்டும். அதனால் வீட்டுக்குள் ஆள் புழங்காத ஓர் அறைக்குக் கொண்டுவந்து, ரேடியேட்டருக்கு எட்டத்தில் நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் 5.5-க்கு இறங்கி நின்றது. அப்போதுதான் இழைப்புளியைக் கையில் எடுத்தேன்.

ஈரத்துடன் செய்த வில்லும் வளையும், அம்பும் போகும். ஆனால் நாணைக் கழற்றினால் நிமிராது. வளைந்தது வளைந்தபடியே நிற்கும், வேகமும் செத்துப்போகும்.

சரியான ஈரம் தெரிய வேண்டுமென்றால் முனையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்னத் துண்டை அறுத்து எடை போடுங்கள். மின் அடுப்பில் (ஓவன்) நூறு டிகிரிக்குச் சற்று மேல் வைத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும் வரை காயவிடுங்கள். முதலில் 56 கிராம், கடைசியில் 50 என்றால், குறைந்த 6-ஐ 50-ஆல் வகுத்தால் 12 சதவீதம்.

ஹீட்டர் பக்கத்தில் வைத்துச் சீக்கிரம் காயவைத்தால் என்ன?

நான் செய்து பார்த்துவிட்டேன். இரண்டாவது வருடம், வெட்டி மூன்றே மாதமான கட்டையைச் சமையலறை ரேடியேட்டருக்கு மேல் சாய்த்து வைத்தேன். நாலாவது நாள் ராத்திரி ‘டிக்’ என்று ஒரு சத்தம். காலையில் பார்த்தால் முனையிலிருந்து முழங்கை நீளத்துக்கு, வெள்ளையையும் வைரத்தையும் சேர்த்துப் பிளந்துகொண்டு ஒரு வெடிப்பு. ஒரு நாணயத்தின் விளிம்பு அதில் நுழைந்தது. கணுவே இல்லாத கட்டை அது.

சூட்டுப் பெட்டி (இளஞ்சூட்டில் கட்டையைக் காயவைக்கும் பெட்டி) வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். கட்டை காற்றில் காய்ந்து, வில் வடிவத்துக்குக் கொஞ்சம் பெரிதாகச் சீவிய பிறகு, 35 டிகிரிக்கு மேல் போகாமல்.

பழைய காலத்து வில்லாளர்கள் தேவாலயத் தோட்டத்து யூ மரங்களை வெட்டித்தானே செய்தார்கள்?

இது எல்லோரும் சொல்லும் கதை. ஆனால் தேவாலயத்து மரங்கள் பெரும்பாலும் கணுவும் முறுக்குமாக இருக்கும். நல்ல கட்டை ஐரோப்பாவின் மலைப்பகுதிகளிலிருந்துதான் வந்தது. குளிரில் மெதுவாக வளர்வதால் வளையங்கள் நெருக்கமாக, நேராக இருக்கும். இறக்குமதி எவ்வளவு அவசியமாக இருந்தது என்றால், 1472-இல் போட்ட சட்டப்படி, இங்கிலாந்துக்கு வரும் வணிகக் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நாலு வில் கட்டை கொண்டுவர வேண்டும். 1484-இல் மால்ம்சி என்ற இனிப்பு ஒயின் பீப்பாய் ஒன்றுக்குப் பத்துக் கட்டை என்று ஆனது.

1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட யூ வில்கள் கிடைத்தன. போர்ட்ஸ்மவுத் அருங்காட்சியகத்துக்குப் போனால் அவற்றின் முதுகை மட்டும் நின்று பாருங்கள். கணு இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் மரம் விட்டுச் சீவியிருக்கிறார்கள். நான் கணுவைச் சீவக் கற்றுக்கொண்டதே அங்கே நின்று பார்த்துத்தான்.

யூ விஷமாமே? வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.

விஷம்தான், சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இலையிலும் விதையிலும் இருக்கும் டாக்சின் (taxine) என்ற நஞ்சு இதயத்தைத் தாக்கும். வெட்டிப்போட்ட கிளையைத் தின்று குதிரையும் மாடும் செத்துப்போவது உண்டு. கிளைகளை அன்றே அப்புறப்படுத்துங்கள். அரம் போடும்போது மாஸ்க் கட்டாயம். தூளைப் பெருக்காமல் உறிஞ்சி எடுங்கள், அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

நான் இருப்பது ஃபீனிக்ஸ் பாலைவனத்தில். காய்ந்த கட்டையை விலைக்கு வாங்கினேன். உடனே ஆரம்பிக்கலாமா?

உங்கள் பிரச்சினை நேர்மாறானது. அங்கே மரம் 6 சதவீதத்துக்கும் கீழே போகும், யூ அப்போது மொறுமொறுத்து உடையும். முனைகளைப் பூசி வையுங்கள், ஈரப்பதம் ஓரளவு இருக்கும் அறையில் வைத்து எடை நிலைத்த பிறகு தொடங்குங்கள். செய்து முடித்த வில்லையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, இமயமலைப் பக்கம் வேலையில் இருக்கிறேன். இங்கேயும் யூ இருக்கிறது. ஒரு கிளை எடுக்கலாமா?

வேண்டாம். புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலுக்காக அந்த மரங்களை ஏற்கெனவே நிறைய அழித்துவிட்டார்கள். இன்று அது அழியும் நிலையில் உள்ள மரம், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) பட்டியலிலும் இருக்கிறது. நம் ஆசைக்கு அதில் ஒரு கிளைகூடப் போகக்கூடாது.

இரண்டு வருடம் காயவைத்தேன். இப்போது வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு கீறல். தூக்கிப் போட்டுவிடலாமா?

பொறுங்கள். வைரத்தில், நடுவில், நீளவாக்கிலேயே ஓடும் கீறல் என்றால் பெரும்பாலும் வில்லைப் பாதிக்காது. அதில் மெல்லிய பசையை இறக்கி மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். கீறல் சாய்ந்து ஓடி, வில்லின் ஓரத்தில் வெளியே வந்தால்தான் ஆபத்து. கீறலின் இரண்டு நுனிகளிலும் பென்சிலால் குறி வைத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். குறியைத் தாண்டியிருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கட்டையைத் திரும்ப ஷெட்டிலேயே வைத்துவிடுங்கள்.